இரைச்சலின் வேர் தேடி

உரைநடை உலகம்

நுழையும்முன்

மகிழுந்தில் பாடல் கேட்டபடி செல்கையில், கம்பி வழியாக ஒலிக்கருவியுடன் இணைத்த கைபேசியை மின்னேற்றியிலும் செருகியவுடன் ஸ்பீக்கரில் மெல்லிய ஊளை ஒன்று எழுவதைப் பலர் கேட்டிருப்பர். வண்டியின் வேகம் கூடினால் ஊளையும் உயரும். மின்னேற்றியைப் பிடுங்கினால் அடங்கும். அந்த ஓசை எங்கிருந்து வருகிறது? எந்த வழியில் பாடலுக்குள் நுழைகிறது? காரணம் அறியாமல் அதனை அடக்கிவிட்டால் என்ன நேரும்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று செலவுகள்

வாடகை மகிழுந்து ஓட்டும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நெடுந்தொலைவுப் பயணங்களில் பயணிகள் பாட்டுக் கேட்க விரும்புவதால், அவர் தம் வண்டியின் இருக்கைக்கு அடியில் புதிய பெருக்கி ஒன்றைப் பொருத்துகிறார். அன்று முதல் பாடலுக்குப் பின்னால் 'உய்ய்' என்னும் ஊளை கேட்கத் தொடங்குகிறது. "ஸ்பீக்கர் போய்விட்டது" என்கிறார் ஒருவர், ஸ்பீக்கர் மாற்றப்படுகிறது. "கம்பி தரமற்றது" என்கிறார் மற்றொருவர், கம்பியும் மாற்றப்படுகிறது. "வடிப்பான் ஒன்று மாட்டினால் போதும்" என்கிறார் மூன்றாமவர். மூன்று முறை பணம் செலவாகிறது; ஊளை சற்றே குறைகிறதேயன்றி நீங்கவில்லை.

மூவரும் பொய் கூறியவர் அல்லர். அவர்கள் கூறிய ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு வண்டியில் உண்மையான காரணமாக இருந்திருக்கும். ஆனால் இந்த வண்டியில் ஓசை எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவருக்கு ஒரு வரிசையைக் கற்பிக்கிறது. நோய் இன்னதென அறிதல், அது தோன்றிய காரணத்தைத் தெளிதல், தணிக்கும் வழியைத் தேர்தல், அதன்பின் பொருந்துமாறு செய்தல் என்பதே அவ்வரிசை. அந்த ஓட்டுநருக்குக் கிடைத்தவை அனைத்தும் நான்காம் படியிலிருந்து தொடங்கிய மருந்துகள்.

பொறியும் அலையும்

மகிழுந்து ஒன்றில் மின் இரைச்சல் எழுவதற்கான ஊற்றுகள் பல. அவற்றுள் இரண்டு பழமையானவை.

முதலாவது தீப்பொறி. பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க, ஸ்பார்க் பிளக் எனப்படும் பொறிச்செருகியின் இடைவெளியில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் பாய்கிறது. மின்பொறி எழும் இடமெல்லாம் மின்காந்த அலையும் எழும். 1887ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கப் பயன்படுத்தியதும் மின்பொறியே. தொடக்கக்காலக் கம்பியில்லாத் தந்தியும் பொறியைக் கொண்டே செய்தி அனுப்பியது. ஆகவே ஒவ்வொரு பொறிச்செருகியும் வேண்டாத செய்தியை ஒலிபரப்பும் ஒரு சிறு நிலையம் எனலாம். நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சு இயந்திரத்தில் ஒரு சுழற்சிக்கு இரு பொறிகள் எழும். நிமிடத்திற்கு 800 சுழற்சிகள் என்றால் 1600 பொறிகள். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 27. செவிக்கு இது தொடர்ந்த சுருதியாக அன்றி 'சடசட' என்னும் தனித்தனி வெடிப்புகளாகவே கேட்கும்.

இரண்டாவது ஊற்று, பணிமனைகளில் ஆல்டர்நேட்டர் எனப்படும் மின்னாக்கி. இது மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அதனுள் இருக்கும் டையோடுகள் அதனை நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகின்றன. அவ்வாறு மாற்றிய பின்னும் சிறு சிறு ஏற்றஇறக்கங்கள் அலைகளைப்போல் எஞ்சி நிற்கும். பல மகிழுந்துகளின் மின்னாக்கியில் 12 காந்த முனைகளும் மூன்று கட்டச் சுற்றும் உள்ளன. அத்தகைய மின்னாக்கி ஒரு முறை சுழன்றால் 36 ஏற்றஇறக்கங்கள் தோன்றும். இயந்திரம் 800 சுழற்சியில் இயங்க, மின்னாக்கி அதனினும் இரண்டரை மடங்கு விரைவாகச் சுழல்வதாகக் கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 1200 ஏற்றஇறக்கங்கள் கிடைக்கும். இயந்திரத்தின் சுழற்சி 2400 ஆனால் அவை 3600 ஆகும். மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் அதிர்வெண் எல்லைக்குள் இவ்வெண்கள் அமைந்திருப்பதால்தான், மிகச் சிறிய ஊளையும் காதை உறுத்துகிறது. முடுக்கியை மிதிக்கும்போது ஊளையின் சுருதி ஏறுவதன் காரணமும் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது.

இவற்றோடு இக்காலத்தில் புதிய ஊற்றுகளும் சேர்ந்துள்ளன. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் கைபேசி மின்னேற்றி, எல்இடி விளக்குகளின் இயக்கி, சாலையைப் படம்பிடிக்கும் கேமராவின் மின்வழங்கி ஆகியவை மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி இயங்குபவை. மலிவான அமைப்புகளில் இந்தத் திறப்பும் மூடலும் போதிய தடுப்பின்றி வெளியே கசிகின்றன.

தெரிந்து தெளிவோம்

1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்னும் பெயரில் மகிழுந்து வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் மகிழுந்தில் வானொலியைப் பொருத்துவோர் எதிர்கொண்ட பெருந்தடை, இயந்திரத்தின் பொறி எழுப்பிய இரைச்சலே. பொறிக் கம்பிகளில் மின்தடையையும் மின்சுற்றில் மின்தேக்கியையும் இணைத்து அவ்விரைச்சலைக் குறைத்தனர். இன்றைய பொறிச்செருகிகள் பலவற்றின் உள்ளேயே இம்மின்தடை அமைக்கப்பட்டுள்ளது.

செவியே முதற்கருவி

பழுது காண்பதில் முதற்கருவி அளவுமானி அன்று, செவி. கேட்டதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் பாதி வழி கடந்தாயிற்று. தமிழில் இதற்கென்றே இரட்டைக்கிளவிகள் உள்ளன. 'சடசட' என்பதும் 'கரகர' என்பதும் 'கிர்கிர்' என்பதும் வெவ்வேறு ஓசைகளைக் குறிப்பவை. "வண்டியில் சத்தம் வருகிறது" என்னும் தொடரைவிட, "நின்றிருக்கும்போது சடசடவென்று கேட்கிறது, வேகமெடுத்தால் வெடிப்புகள் நெருங்குகின்றன" என்னும் தொடர் பணியாளருக்குப் பன்மடங்கு பயன் தரும்.

கேட்கவேண்டிய வினாக்கள் ஐந்து.

1. இயந்திரத்தை நிறுத்தி ஒலிக்கருவியை மட்டும் இயக்கினால் இரைச்சல் உள்ளதா? இருந்தால் இயந்திரமும் மின்னாக்கியும் காரணமாக இருக்க இயலாது.

2. இயந்திரத்தின் சுழற்சியோடு இரைச்சல் மாறுகிறதா? தொடர்ந்த ஊளையின் சுருதி ஏறினால் மின்னாக்கியையும், தனித்தனி வெடிப்புகள் நெருங்கினால் பொறியையும் ஐயுறலாம். டீசல் இயந்திரத்தில் பொறிச்செருகி இல்லை. ஆகவே அங்கு இரண்டாம் ஐயத்திற்கு இடமில்லை.

3. வானொலியில் மட்டும் கேட்கிறதா, பென்டிரைவிலிருந்து ஒலிக்கும் பாடலிலும் கேட்கிறதா? வானொலியில் மட்டும் எனில், இரைச்சல் பெரும்பாலும் ஆண்டெனா வழியாகக் காற்றலையாக நுழைகிறது.

4. ஒலியளவைக் கூட்டிக் குறைத்தால் இரைச்சலும் கூடிக் குறைகிறதா? ஆம் எனில், ஒலியளவுத் திருகுக்கு முன்னுள்ள பகுதியில் அது நுழைந்துள்ளது. ஒலியளவைச் சுழியாக்கிய பின்னும் இரைச்சல் மாறாமல் நின்றால், அது திருகுக்குப் பின்னர், பெருக்கியிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ நுழைந்துள்ளது.

5. விளக்கு, துடைப்பான், மின்விசிறி, மின்னேற்றி ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கி நிறுத்தினால் மாற்றம் தெரிகிறதா? தெரிந்தால் குற்றவாளி தானே முன்வந்துவிட்டது.

இவ்வைந்து சோதனைகளுக்கும் ஒரு ரூபாயும் செலவில்லை, திருப்புளியும் தேவையில்லை.

கூறிட்டுக் காணல்

செவியின் விடைகள் ஐயத்தைச் சுருக்கும். உறுதி செய்வது சோதனை. இதற்கு ஒரு நெறி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். மாற்றியதன் விளைவைக் குறித்துக்கொள்ளவேண்டும். பயன் இல்லையெனில் பழைய நிலைக்குக் கொணர்ந்துவிட்டே அடுத்ததைத் தொடவேண்டும். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றி இரைச்சல் அடங்கினாலும், எதனால் அடங்கியது என்பது தெரியாது. அத்தகைய வெற்றி அறிவாக நிலைப்பதில்லை.

முன்னர்க் கண்ட வாடகை மகிழுந்துக்கு இந்நெறியைப் பொருத்திப் பார்ப்போம். இயந்திரம் நின்றால் ஊளை இல்லை. சுழற்சி கூடினால் சுருதி ஏறுகிறது. எனவே ஊற்று மின்னாக்கி. வானொலி, பென்டிரைவ் இரண்டிலும் கேட்கிறது. எனவே ஆண்டெனா வழி அன்று. ஒலியளவைச் சுழியாக்கினும் குறையவில்லை. எனவே ஒலிக்கருவிக்கும் பெருக்கிக்கும் இடையிலோ பெருக்கியிலோ நுழைகிறது. தேடவேண்டிய இடம் வண்டி முழுவதிலிருந்து ஒரு கம்பிக்கும் ஒரு பெட்டிக்கும் சுருங்கிவிட்டது.

அடுத்து, பெருக்கியை நிறுத்தி, ஒலிக்கருவியிலிருந்து வரும் சமிக்ஞைக் கம்பியைக் கழற்றி, பெருக்கியின் உள்ளீட்டில் இருமுனைகளையும் குறுக்கிணைக்கும் செருகியைப் பொருத்தி மீண்டும் இயக்கவேண்டும். ஊளை தொடர்ந்தால், அது பெருக்கியின் மின்வழங்கல் வழியாக வருகிறது. இங்கோ ஊளை அடங்குகிறது. எனவே அது சமிக்ஞைக் கம்பியின் வழியே வந்துள்ளது. இப்போது அதே கம்பியின் மறுமுனையை ஒலிக்கருவிக்கு மாற்றாக, மின்னேற்றியில் செருகப்படாத ஒரு கைபேசியோடு இணைத்துப் பாடவிட்டால் ஊளை இல்லை. கம்பி குற்றமற்றது, பெருக்கியும் குற்றமற்றது. ஒலிக்கருவி, பெருக்கி ஆகிய இரண்டும் தனித்தனியே நன்றாக உள்ளன. இரண்டையும் இணைக்கும்போது மட்டும் ஊளை பிறக்கிறது. இம்முரண்பாடே உண்மைக் காரணத்தைச் சுட்டிக்காட்டுகிறது.

பொதுத்தரை என்னும் நம்பிக்கை

மகிழுந்தில் ஒவ்வொரு மின்கருவிக்கும் நேர்முனைக் கம்பி தனியே செல்லும். எதிர்முனைக்கோ வண்டியின் இரும்புடலே பொது வழியாகும். பணிமனைகளில் இதனைப் 'பாடி எர்த்' என்பர். உடலின் எந்த இடத்தைத் தொட்டாலும் மின்னழுத்தம் சுழியே என்னும் நம்பிக்கையில் இவ்வமைப்பு இயங்குகிறது. ஆனால் வண்ணப்பூச்சு, துரு, தளர்ந்த திருகு ஆகியவை இணைப்பில் மின்தடையை உண்டாக்கி அந்நம்பிக்கையைக் குலைக்கின்றன.

ஓம் விதியால் இதனை அளந்து காணலாம். பெருக்கியின் தரை இணைப்பில் 0.02 ஓம் மின்தடை இருப்பதாகவும், அதன் வழியே 20 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகவும் கொள்க. அவ்விணைப்பில் 0.4 வோல்ட் தோன்றும். ஒலிக்கருவியின் தரைக்கும் பெருக்கியின் தரைக்கும் இடையே இவ்வேறுபாடு நிற்கும். சமிக்ஞைக் கம்பியின் வெளியுறை இவ்விரண்டு தரைகளையும் இணைப்பதால் ஒரு மூடிய சுற்று உருவாகிறது. மின்னாக்கியின் ஏற்றஇறக்கம் அச்சுற்றில் ஓடி, பாடலோடு கலந்துவிடுகிறது. 0.4 வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு மட்டுமே ஏற்றஇறக்கமாக இருந்தாலும் அது 4 மில்லிவோல்ட். 2 வோல்ட் அளவுள்ள சமிக்ஞையில் ஐந்நூறில் ஒரு பங்கு. பாடலின் மெல்லிய இடங்களில் அதனைக் கேட்க அதுவே போதும். பாடத்தின் தொடக்கத்தில் கூறிய கைபேசி ஊளையும் இத்தகைய தரைச்சுற்றின் விளைவே. மின்னேற்றி ஒரு தரையையும் இசைக்கம்பி மற்றொரு தரையையும் கைபேசிக்குள் கொணர்ந்து சேர்க்கின்றன.

அளவுமானிக்கு இப்போதுதான் வேலை வருகிறது. இயந்திரமும் பெருக்கியும் இயங்கும்போது, பெருக்கியின் தரைமுனைக்கும் மின்கல அடுக்கின் எதிர்முனைக்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை அளந்தால் இணைப்பின் உண்மை நிலை தெரியும். ஓட்டுநரின் வண்டியில், பெருக்கியின் தரைக்கம்பி வண்ணம் பூசிய தகட்டின்மேல் திருகப்பட்டிருந்தது. வண்ணத்தைச் சுரண்டி, உலோகத்தை வெளிப்படுத்தி, குறுகிய தடித்த கம்பியால் இறுக்கிப் பொருத்தியதும் ஊளை நின்றது. மூன்று செலவுகளால் தீராத குறையைத் தீர்த்தது ஒரு துண்டு உப்புத்தாள்.

தீர்வுகளின் வரிசை

தீர்வுகளுக்கும் ஒரு முறைமை உண்டு. முதலில் தரை இணைப்புகளைத் தூய்மை செய்து இறுக்கவேண்டும்; இயன்றால் ஒலிக்கருவிக்கும் பெருக்கிக்கும் ஒரே தரைப்புள்ளியை அமைக்கவேண்டும். அடுத்து, மின்வழங்கு கம்பியை வண்டியின் ஒரு பக்கமாகவும் சமிக்ஞைக் கம்பியை மறுபக்கமாகவும் கொண்டுசெல்லவேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் குறுக்கிடச் செய்யவேண்டும். வானொலியில் மட்டும் இரைச்சல் எனில், ஆண்டெனாவின் அடித்தரையையும் அதன் கம்பியுறையையும், பொறிச்செருகிகளையும் அவற்றின் கம்பிகளையும் சோதிக்கவேண்டும். கசியும் மின்னேற்றியை மாற்றிவிடவேண்டும். இவையனைத்தும் முடிந்த பின்னரே வடிப்பானையும் தரைச்சுற்றுத் தனிப்படுத்தியையும் நாடலாம். அவை பயனற்றவை அல்ல. ஆனால் முதலில் மாட்டப்படும்போது அவை காரணத்தை மறைத்துவிடும்.

காத்துக்கொள்ளவேண்டியவை

மகிழுந்தின் மின்னழுத்தம் குறைவாயினும் மின்னோட்டம் மிகுதி. கம்பிகளைக் கழற்றுமுன் இயந்திரத்தை நிறுத்தி, மின்கல அடுக்கின் எதிர்முனையை முதலில் விடுவிக்கவேண்டும். பெருக்கிக்குச் செல்லும் கம்பியில், மின்கல அடுக்கின் அருகிலேயே உருகி பொருத்தவேண்டும். இல்லையேல் உரசிப் பழுதான கம்பி தீயை மூட்டும். இயங்கும் இயந்திரத்தின் பொறிக் கம்பிகளைத் தொடலாகாது. காற்றுப்பைக்குச் செல்லும் மஞ்சள் நிற இணைப்புகளில் அளவுமானியை வைக்கலாகாது. சுழலும் பட்டைகளின் அருகே துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை போன்றவை செல்லாமல் காக்கவேண்டும். மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். மின்னாக்கியைச் சோதிக்க, ஓடும் இயந்திரத்திலிருந்து மின்கல அடுக்கின் இணைப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கமும் கைவிடத்தக்கது. அந்நொடியில் எழும் மிகை மின்னழுத்தம் வண்டியின் மின்னணுக் கருவிகளை அழித்துவிடக்கூடும்.

இரைச்சல் சொல்லும் செய்தி

இன்னொரு மகிழுந்தை எண்ணிக்கொள்வோம். அதில் புதிதாக எதுவும் பொருத்தப்படவில்லை. நெடுநாள் அமைதியாக இருந்த ஒலிக்கருவியில் ஒருநாள் திடீரென ஊளை எழுகிறது. உரிமையாளர் வடிப்பான் ஒன்றை மாட்டுகிறார், ஊளை அடங்குகிறது. சில நாள்களில் முகப்பு விளக்குகள் மங்குகின்றன. ஓரிரவு, மருத்துவமனைக்கு விரையவேண்டிய வேளையில் வண்டி கிளம்ப மறுக்கிறது. மின்னாக்கியின் டையோடு ஒன்று பழுதானதால் ஏற்றஇறக்கம் பெருகியிருந்தது. மின்கல அடுக்கும் போதிய மின்னேற்றம் பெறவில்லை. அந்த ஊளை ஒரு தொல்லை அன்று, முன்னெச்சரிக்கை. வடிப்பான் தீர்த்தது நோயை அன்று, நோயின் குரலை.

இரைச்சலை மதித்துக் கேட்டவர்களுக்கு அது பெரும் உண்மைகளையும் தந்துள்ளது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி, கடல்கடந்த வானொலித் தொலைபேசியில் குறுக்கிடும் இரைச்சலின் ஊற்றைக் கண்டறியப் பணிக்கப்பட்டார். நியூ ஜெர்சியின் ஹோம்டெல் ஊரில், பழைய ஃபோர்டு மகிழுந்தின் சக்கரங்கள்மேல் சுழலும் பெரிய ஆண்டெனா ஒன்றை அவர் அமைத்தார். அருகிலுள்ள இடிமழை, தொலைவிலுள்ள இடிமழை என இரண்டையும் பிரித்தறிந்த பின்னும், மெல்லிய சீறல் ஒன்று எஞ்சியது. அது 23 மணி 56 நிமிடங்களுக்கு ஒருமுறை உச்சம் பெற்றது. விண்மீன்கள் வானில் ஒருமுறை சுற்றிவரத் தோன்றும் காலமும் அதுவே. 1933ஆம் ஆண்டில், அச்சீறல் பால்வீதியின் மையத்திலிருந்து வருவதாக அவர் அறிவித்தார். வானொலி வானியல் என்னும் துறை அதிலிருந்து பிறந்தது.

அதே ஊரில் 1964ஆம் ஆண்டில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் தம் ஆண்டெனாவில் நீங்காத இரைச்சல் ஒன்றைக் கேட்டனர். கருவியின் இணைப்புகளைச் சோதித்தனர். உள்ளே கூடுகட்டியிருந்த புறாக்களை அகற்றி, எச்சத்தையும் துடைத்தனர். ஒவ்வோர் ஐயமாக நீக்கிய பின்னும் இரைச்சல் நின்றது. அண்டம் தோன்றிய தொடக்கக்காலத்தின் எஞ்சிய கதிர்வீச்சு அது எனப் பின்னர்த் தெளிந்தது. 1978ஆம் ஆண்டில் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தளர்ந்த திருகைத் தேடும் பணியாளரும் அண்டத்தின் தொடக்கத்தைக் கேட்ட அறிஞரும் கைக்கொண்ட முறை ஒன்றே. இருவரும் ஊகத்தை முடிவாகக் கொள்ளவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக நீக்கி, எஞ்சியதை ஏற்றனர். எந்தத் தொழிலிலும் பழுது நீக்குவோருக்கு உரிய நேர்மை இதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள வாகன மின்பணியாளர் ஒருவரைக் கண்டு, பழுது காண அவர் முதலில் கேட்கும் வினாக்களைத் தொகுத்து வகுப்பறையில் படிக்க.

2. ஓசைகளைக் குறிக்கும் இரட்டைக்கிளவிகள் பத்தினைத் திரட்டி, ஒவ்வொன்றும் எவ்வகை இயந்திர ஓசைக்குப் பொருந்தும் என எழுதுக.

3. வீட்டிலுள்ள மின்விசிறி, மிக்ஸி, குழல்விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கி, அருகில் ஒலிக்கும் வானொலிப் பெட்டியில் உண்டாகும் மாற்றங்களை அட்டவணைப்படுத்துக.

மதிப்பீடு

குறுவினா
1. டீசல் மகிழுந்தில் பொறியால் எழும் இரைச்சல் இராதது ஏன்?
2. 'பாடி எர்த்' என்பது யாது?

சிறுவினா
3. ஒலியளவை மாற்றிப் பார்ப்பதால் இரைச்சல் நுழையும் இடத்தை எவ்வாறு அறியலாம்?
4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும் என்பதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா
5. 'வடிப்பான் தீர்த்தது நோயை அன்று. நோயின் குரலை' – இக்கூற்றினைப் பாடப்பகுதியின் துணைகொண்டு, பிற துறைச் சான்றுகளுடன் நிறுவுக.